என்னா சாமி காணாமப் போச்சு

கரியாலூரைத் தாண்டி வெள்ளிமலைக்குப் போகிற வழியில், சாலையோரம் சாக்கை விரித்துக் கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம், "இங்க பார்க்கிறதுக்கு என்ன ஆயா இருக்கு?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்ற காரைப் பார்த்தாள். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிச் சிக்னல் தேடிக்கொண்டிருந்த என் நண்பரைப் பார்த்தாள். பிறகு குனிந்து கடுக்காயைக் கையால் துழாவிவிட்டபடியே, "என்னா சாமி காணாமப் போச்சு?" என்றாள். நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கிழவிக்குக் காது மந்தம், கேட்டதைத் தப்பாக வாங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். இது நடந்தது 2025 தை மாதக் கடைசியில். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. பல்லிடுக்கில் சிக்கிய கரும்பு நாரை நாக்கு போய்ப் போய்த் தொடுவதுபோல மனசு அதையே தொட்டுக்கொண்டிருக்கிறது. கேலியாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா, பயந்துபோய்க் கேட்டாளா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி மூன்றுக்கும் சேர்த்து ஒரே குரலை வைத்திருந்தாள். காது மந்தமில்லை என்பது மட்டும் நிச்சயம். நண்பர் காரின் மறுபக்கம் நின்று மெதுவாகத்தான், "படி என்ன விலையாம், கேளுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் விலையைச் சொல்லிவிட்டாள்.

உளுந்தூர்பேட்டையில் இருக்கிறவனுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே உறைக்க வேண்டும். எங்கள் ஊரைப் பார்க்க யாரும் வந்ததில்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற சாலையிலிருந்து சேலத்துச் சாலை பிரிகிற இடம், அவ்வளவுதான். நடத்துநர் ஊர்ப்பெயரை இரண்டு தரம் கத்துவதைத் தமிழ்நாட்டில் பாதிப் பேர் தூக்கத்தில் கேட்டிருப்பார்கள். கண் திறந்து பார்த்தவர்கள் குறைவு. இறங்குவார்கள், ஒதுங்குவார்கள், ஒரு டீ குடித்து வாய் கொப்பளித்துவிட்டு ஏறிக்கொள்வார்கள். சித்திரையில் கூவாகத்துக்குக் கூட்டம் வரும், அவர்களுக்குக் கூத்தாண்டவர் இருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று புல் முளைத்துக் கிடக்கிறது, அதையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் வருத்தம் இருந்ததே கிடையாது. பார்க்கப்படாத ஊரில் இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. லுங்கியோடு பேருந்து நிலையம் வரை போய் வரலாம். மழை விட்ட மறுநாள் காலை புறவழிச்சாலைப் பாலத்தின் மேல் நின்றால் மேற்கே, அடிவானத்தை ஒட்டி, ஒரு மங்கலான நீலக்கோடு தெரியும். சின்ன வயதில் அப்பா அதைக் காட்டி, "அதுதான் கல்ராயன்" என்பார். அம்மா, "அது மேகம்" என்பாள். இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வழக்கு இன்னும் தீரவில்லை. அந்தக் கோடு பத்து மணிக்கெல்லாம் வெயிலில் கரைந்துவிடும். மலை கரையாது என்று அம்மா பக்கம் சாய்வேன். மறுநாள் அதே இடத்தில் அதே வளைவோடு கோடு நிற்கும்போது அப்பா ஜெயித்துவிடுவார்.

ஊர்ப்பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். பக்கத்திலுள்ள உளுந்தாண்டார்கோயிலில் குடியிருக்கும் சிவன் சம்பந்தப்பட்டது. மிளகு மூட்டைகளோடு ஒரு வியாபாரி இந்த வழியாகப் போகிறான். கிழவர் ஒருவர் வந்து, மருந்துக்குக் கொஞ்சம் மிளகு கொடேன் என்று கேட்கிறார். கொடுக்க மனசில்லாமல், இது மிளகில்லை ஐயா, உளுந்து என்று சொல்லிவிடுகிறான். சந்தையில் போய் மூட்டையைப் பிரித்தால் அத்தனையும் உளுந்து. ஓடிவந்து காலில் விழுகிறான், மீண்டும் மிளகாகிறது. பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கதையாகத்தான் இதை நானும் கேட்டு வளர்ந்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், மலையில் விளைவதும் சமவெளியில் விளைவதும் கைமாறுகிற இடத்தில் நடக்கிற கதை அது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று வழியில் கேட்பவரும், உண்மையைச் சொன்னால் போய்விடும் என்று பயப்படுபவரும் அதில் இருக்கிறார்கள். மிளகை விளைவித்தவர் மட்டும் கதையில் இல்லை. இன்று கல்வராயன் மலையிலிருந்து ஆட்கள் பருவத்துக்குக் கேரளத்துக்கும் குடகுக்கும் மிளகு பறிக்கப் போகிறார்கள். அடுத்தவர் மலையில், அடுத்தவர் மிளகு.

போக வேண்டும் என்ற ஆசை என்னுடையது அல்ல. சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பழைய பள்ளித் தோழர், திருச்சிக்குப் போகிற வழியில் என் வீட்டில் தங்கினார். "உங்க ஊருக்குப் பக்கத்துல காடு ஒண்ணு இருக்காமே, கூட்டமே இருக்காதாம், ஏற்காடு மாதிரி இல்லையாம்" என்றார். கூட்டமில்லாத இடத்துக்குக் கூட்டமாகப் போகிற ஆசை நகரத்தாருக்கு வந்து கொஞ்ச காலமாகிறது. விடிகாலையில் கிளம்பினோம். எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி. தியாகதுருகத்தில் மொட்டைப் பாறை மேல் கோட்டைச் சுவர் வெளுத்துத் தெரிந்தது. கள்ளக்குறிச்சியில் டீ குடித்தோம். கச்சிராயபாளையத்தை நெருங்கும்போது கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். சர்க்கரை ஆலையின் வாடை, புளித்த பாகும் சாம்பலும் கலந்தது, கண்ணாடியை ஏற்றிய பிறகும் உள்ளே வந்தது. கோமுகி அணையைத் தாண்டியதும் சாலை மேலே வளையத் தொடங்குகிறது. அங்கே ஒரு சோதனைச் சாவடி. எங்களுக்கு முன்னால் நின்ற நகரப் பேருந்திலிருந்து ஐந்தாறு பேரை இறக்கி, மூட்டைகளைப் பிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் பையிலிருந்து பள்ளிச் சீருடையும் இரண்டு ரொட்டிப் பாக்கெட்டும் சாலையில் வந்து உட்கார்ந்தன. எங்கள் காரைப் பார்த்ததும் அங்கிருந்தவர் கையை அசைத்து, "நீங்க போங்க சார்" என்றார். போனோம். டிக்கியில் நண்பர் கொண்டுவந்த பெட்டி இருந்தது. அதில் என்ன என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மூட்டையில் அவர்கள் தேடியது வெல்லம். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. கல்வராயன் மலை என்ற பெயர் எங்கள் பக்கத்துச் செய்தித்தாள்களில் அருவியோடு வந்ததைவிடச் சாராய ஊறலோடுதான் அதிகம் வந்திருக்கிறது. இத்தனை பேரல், இத்தனை ஆயிரம் லிட்டர் ஊறல், கொட்டி அழித்தனர் என்று ஒரே அச்சில் வார்த்த செய்தி, எண்ணிக்கை மட்டும் மாறும். ஊறலுக்கு வெல்லம் வேண்டும், வேலம்பட்டை வேண்டும், கடுக்காயும் போடுவார்கள். இதில் பட்டையும் காயும் மலையில் கிடைக்கும். கரும்பு மலையில் விளைவதில்லை. வெல்லம் கீழேயிருந்து ஏறுகிறது, சாராயமாகிக் கீழேயே இறங்குகிறது. கரும்பு நம்முடையது, குடிக்கிற வாய் நம்முடையது, பணம் போடுகிறவனும் பெரும்பாலும் கீழ்நாட்டான். மறைவிடம் மட்டும்தான் மலை. ஆனால் சாராயத்துக்கு 'மலைச் சரக்கு' என்றுதான் பெயர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகருக்குள்ளேயே இருக்கிற கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் ஊர் டீக்கடையில், "மலையில காச்சுனதுப்பா" என்று அடித்துச் சொன்னார்கள். நானும் தலையாட்டியிருப்பேன். அது மெத்தனால், ஆலைகளில் புழங்குகிற ரசாயனம். எந்த ஊறல் பானையிலும் காய்ச்சி எடுத்ததல்ல, எந்த மலையிலிருந்தும் இறங்கியதல்ல. ஆனால் தேடுதல் வேட்டை மலைமேல் ஏறியது. இதை எழுதும்போது கருணாபுரத்தை எந்த இடத்தில் கடந்தோம் என்று யோசிக்கிறேன். டீ குடித்த கடையிலிருந்து அது எத்தனை தெரு தள்ளி என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை அன்று. நாங்கள் மலையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம்.

தமிழில் 'பார்' என்கிற சொல் கண்ணோடு நின்றுவிடுவதில்லை. வைத்தியர் நாடி பார்க்கிறார். தரகர் நிலம் பார்க்கிறார். பெண் பார்க்கப் போகிறோம், பிரசவம் பார்க்கிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள், சோற்றில் பதம் பார்க்கிறார்கள், ஆற்றில் ஆழம் பார்க்கிறார்கள். உத்தியோகத்தையே 'பார்க்கிறோம்'. வயதான காலத்தில் மகன் பார்த்துக்கொள்வான் என்று நம்புகிறோம். ஒவ்வொரு பார்வைக்குப் பின்னாலும் ஒரு காரியம், ஒரு முடிவு, ஒரு கை நீளுகிறது. பார்த்துவிட்டு எதுவும் செய்யாமல் நிற்பதற்கு 'வேடிக்கை பார்ப்பது' என்று தனியாகப் பெயர் வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லை ஏச்சில்லாமல் சொல்ல முடியாது. சுற்றுலாத் துறையின் விளம்பரப் பலகையில்தான் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று காரியமில்லாத பார்வை ஒன்று முதன்முதலாகக் கௌரவத்தோடு எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். அந்தப் பலகையைப் படிக்காத ஒருத்தியின் காதில் என் கேள்வி எப்படி விழுந்திருக்கும்? கீழேயிருந்து இரண்டு பேர் காரில் வந்து இறங்கி, இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்கிறார்கள். இருப்பதைப் பார்க்க வழி கேட்பார்களா யாராவது? இல்லாததைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். அவள் கேட்டது சரியான பொருளில் கேட்கப்பட்ட துணைக்கேள்வி என்று இப்போது படுகிறது. என் கேள்விதான் தமிழாக இல்லை.

தேடிக்கொண்டு ஏறியவர்களின் வரிசை நீளமானது. கிருஷ்ணதேவராயர் காலத்துக் கொடை என்று சொல்லிக்கொண்டு சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என மூன்று ஜாகிர்கள் இந்த மலையை வைத்திருந்தன. வெள்ளைக்காரன் போனான், ஜமீன்தாரி ஒழிந்தது, ஜாகிர் மட்டும் மேலே இருந்தது. அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது 1976இல், நாடே வாயடைத்துக் கிடந்த அவசரநிலைக் காலத்தில். சமவெளிக்குச் சுதந்திரம் போன நேரத்தில் மலைக்கு ஒரு பாதி வந்தது என்று இதைச் சொல்லலாமா, தெரியவில்லை. யாருக்கு எந்த நிலம் பட்டா, எது காப்புக்காடு என்கிற தகராறும் அதோடு சேர்ந்தே வந்தது. கடுக்காய்க்காக வியாபாரிகள் ஏறினார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துத் தோல் ஷாப்புகளுக்கு உயிர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதமானது இந்தத் துவர்ப்பில். பிறகு ஜவ்வரிசி ஆலைகளின் தரகர்கள். தினையும் சாமையும் இருந்த சரிவுகளில் குச்சிக்கிழங்கு ஏறியது. கிழங்கைப் பிடுங்கி, மாவுச்சத்து எத்தனை 'பாயின்ட்' என்று பார்த்து விலை சொல்வார்கள். அங்கேயும் பார்ப்பதுதான் வேலை. அதற்கும் பிறகு ஆட்களையே தேடி வந்தார்கள், ஆந்திராவில் செம்மரம் வெட்ட. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் ஜவ்வாது மலையையும் சித்தேரியையும் சேர்ந்தவர்கள். இந்த மலையின் உறவுக்காரர்கள். கடைசியாகச் சட்டமும் ஏறியது. கருணாபுரத்துக்கு அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. முதல்வரோ அமைச்சரோ நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னதைச் செய்தித்தாளில் படித்தேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி அப்போது ஐந்து வருஷம் ஆகப்போகிறது. மாவட்டத் தலைநகரிலிருந்து நிமிர்ந்தால் தெரிகிற மலையைப் போய்ப் பார்க்கச் சொல்ல ஒரு உயர் நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.

அந்த மக்களின் பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. மலையாளி என்பார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் ஆளுக்கொரு மலையில் ஏறிக்கொண்டார்கள் என்று கதை. யார் எந்த மலைக்கு என்பது சொல்லுகிற மலையைப் பொறுத்து மாறும். அதாவது அவர்களுமே கீழேயிருந்து ஏறியவர்கள்தான், எதையோ தேடி, அல்லது எதனிடமிருந்தோ தப்பி. பட்டியல் பழங்குடியில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு மாவட்டங்கள் எழுதியிருக்கிறது: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலிருக்கும் அதே மலையாளி அந்தப் பட்டியலில் வரமாட்டார். ஒரு மனிதன் பழங்குடியா இல்லையா என்பதை அவன் நிற்கிற சரிவு எந்தக் கலெக்டர் ஆபீசைப் பார்த்து இறங்குகிறது என்பது தீர்மானிக்கிறது. இதையெல்லாம் எழுதி வரும்போது ஒன்றைக் கவனித்தேன். அந்தக் கிழவியை முதல் வரியிலிருந்து 'அவள்' என்றே எழுதிவருகிறேன். எங்கள் தெருவில் கீரை விற்கிற அம்மாவைப் பற்றி எழுதினால் 'அவர்' என்று எழுதியிருப்பேனா? எழுதியிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடித்துத் திருத்திப் பார்த்தேன். 'அவர்' என்றால் அந்தக் குரல் வரமாட்டேன் என்கிறது, யாரோ பாராட்டு விழாவில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன். விட்டதும் உறுத்துகிறது.

இந்த மலைக்கு வடக்கே, செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடி. கல்லூரியில் அதை மதிப்பெண்ணுக்காகப் படித்தபோது எனக்குத் தோன்றாத ஒன்று இப்போது தோன்றுகிறது. மலைக்குப் போகிற கூத்தனுக்கு, போய்த் திரும்பிய கூத்தன் வழி சொல்கிற பாட்டு அது. அழகை மட்டும் சொல்லி அனுப்புவதில்லை. பன்றிக்கு வைத்த கல்பொறி இருக்கும், விடிந்த பிறகு போ என்கிறான். யானையை விரட்ட தினைக்காவலர் வீசும் கவண்கல் உன் மேல் படலாம், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போ என்கிறான். பாசி வழுக்கும் இடங்களைச் சொல்கிறான். இத்தனைக்கும் போகிறவன் வெறுங்கையோடு, யாழும் பறையுமாகப் பரிசில் தேடிப் போகிறவன். போன இடத்தில் அவனுக்குச் சோறு போடுவார்கள் என்கிற நம்பிக்கை இருக்கிறது. அந்தப் பாட்டில் மலைக்காரனுக்கு ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது, வருகிறவன் அதில் இடறாமல் போக வேண்டும். ஏதோ பொற்காலம் என்று இதை நான் நீட்டவில்லை. பரிசில் கொடுக்கிற மன்னன் எங்கிருந்து எடுத்துக் கொடுத்தான் என்ற கேள்வியும் அங்கேயே இருக்கிறது. கூத்தன் தான் தேடி வந்ததை மறைக்கவில்லை, அதுதான் எனக்குப் பட்டது. பசிக்கிறது, வந்தேன். 'சும்மா பார்க்க வந்தேன்' என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

நாங்கள் எதைப் பார்த்தோம் என்று கேட்டால், பெரியார் அருவியைப் பார்த்தோம். சாலையை ஒட்டியே இருக்கிறது, நடக்க வேண்டியதில்லை. தை மாதமாகையால் தண்ணீர் மெலிந்து, கறுத்த பாறையின் நடுவில் பூணூல்போல ஒரு இழை மட்டும் இறங்கியது. மீதிப் பாறை காய்ந்து, போன மழைக்காலத்துப் பாசி கருகிப் பொடிந்து, கை வைத்தால் தோசைக்கல்லில் ஒட்டிய மாவுபோல உதிர்ந்தது. நண்பர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு குட்டையில் இறங்கினார். கணுக்கால் அளவுத் தண்ணீரில் அவருடைய வெள்ளைக் கால்கள் ஏனோ எனக்கு மருத்துவமனையை நினைவூட்டின. கல் இடுக்கில் ஷாம்பு உறைகள், ஒற்றைச் செருப்பு, மூடி திறந்த ஒரு கண்ணாடிப் புட்டி. தண்ணீர் அவ்வளவு குளிர்ந்திருந்தது. இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்தபோது காதுக்குள் ஒரு நிமிஷம் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மனிதர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்றால் அதை நான் பழிக்க மாட்டேன். இந்த மலையின் தண்ணீர் கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கி, இரண்டு அணைகளில் நின்று, விருத்தாசலம் கோயிலைத் தொட்டு, வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. போகிற வழியெல்லாம் நெல்லும் கரும்பும். நான் சின்ன வயதிலிருந்து சாப்பிட்ட சோற்றில் எத்தனை பிடி இந்தத் தண்ணீரில் விளைந்தது என்று ஒரு கணக்கு மனசில் ஓடியது. கூடவே ஒரு வெட்கமும். கோயிலுக்குள் நுழைந்த பிறகு, நேற்றும் இங்கே அன்னதானத்தில் சாப்பிட்டோமே என்று நினைவு வருகிறவனைப்போல. நண்பர் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் படம் எடுத்தார். படத்தில் அருவி விழவில்லை, என் தலை மறைத்துவிட்டது.

திரும்பும் வழியில் கிழவி இருந்த இடத்தில் சாக்கு மட்டும் சுருட்டி ஒரு கல்லின்மேல் வைத்திருந்தது. ஆளைக் காணவில்லை. காலையில் வாங்கிய கடுக்காய் என் மடியில் ஒரு நெகிழிப் பையில் கிடந்தது. ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தேன்; ஐந்து வரப்புகளோடு, கிழவர்களின் முழங்கை எலும்புபோல இறுகியிருந்தது. கடித்தேன். வாய் முழுக்கச் சுருங்கி, பல்லின் மேல் நாக்கை ஓட்டினால் துணியைத் தடவுவதுபோல இருந்தது. தோலைப் பதப்படுத்துகிற சாறு, என் நாக்கையும் தோல் என்றே நினைத்திருக்க வேண்டும். சாவடியில் இந்த முறையும் கையசைத்தார்கள். இறங்குகிற பேருந்தை நிறுத்தியிருந்தார்கள். பையில் கடுக்காயோடு போகிற என்னை நிறுத்திக் கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. இந்த ஆசையிலும் ஒரு போலித்தனம் இருப்பது தெரிகிறது. நிறுத்தினால் முதலில் எரிச்சல்படுகிறவன் நானாகத்தான் இருப்பேன். பிறகொரு நாள் தொலைபேசியில் நண்பரிடம் கிழவியைப் பற்றிக் கேட்டேன். "எந்தக் கிழவி?" என்றார். அருவி நினைவிருக்கிறது, டீசல் செலவு நினைவிருக்கிறது. "அங்க பெருசா ஒண்ணும் இல்லடா, அடுத்த தடவ மழைக்காலத்துல போகணும்" என்றார். கடுக்காயை என் மனைவி இடித்துச் சலித்து ஒரு புட்டியில் போட்டுவைத்தாள். இரவில் அரைத் தேக்கரண்டி, வெந்நீரில். வயிறு சரியாகத்தான் இருக்கிறது.

சென்ற வைகாசியில் மகளைச் சென்னைப் பேருந்தில் ஏற்றிவிட விடிகாலை நாலரை மணிக்குப் பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தேன். பேருந்து கிளம்பிய பிறகு டீக் குடிக்க நின்றேன். கட்டணக் கழிப்பறைக்குப் பக்கத்துச் சுவரை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. வாய் கட்டிய அரிசிச் சாக்குகள், ஒரு நெகிழிக் குடம், அதற்குள் செருகிய கரண்டிகள். பேச்சில் ஒரு இழுப்பு இருந்தது, கேட்ட இழுப்பு. டீ தம்ளரோடு கிட்டே போய், "எந்த ஊருங்க?" என்றேன். நடுவயதுக்காரர் ஒருவர் எழுந்து நின்றார். "மலைங்க சார்." எந்த மலை என்று கேட்கத் தேவையில்லாமல் இன்னொருவர், "வெள்ளிமலைப் பக்கம்" என்றார். மெட்ராசுக்கு, கட்டட வேலைக்கு. இரண்டு வருஷமாகப் போகிறார்களாம். எனக்கு அந்தக் கிழவியைப் பற்றிக் கேட்க வேண்டும். கரியாலூருக்கு அந்தப் பக்கம், சாலையோரம், கடுக்காய், அவள் பேர்கூடத் தெரியாது, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன். சும்மா நின்றுகொண்டே இருந்தேன் போலிருக்கிறது. என் கண் அந்தச் சாக்குகளின் மேல் இருந்திருக்க வேண்டும். நின்றிருந்தவர் ஒருமுறை என்னைப் பார்த்தார், ஒருமுறை நிலையத்து வாசலைப் பார்த்தார். பிறகு குனிந்து, நான் எதுவும் கேட்காமலே, முதல் சாக்கின் கட்டை அவிழ்த்து வாயை அகலமாக விரித்துப் பிடித்தார்.

"பாத்துக்குங்க சார். துணிதான்."